கழுத்துக்குச் செய்த கல்

அன்று காலை முட்டை அதிகமாகிவிட்டது என்று என் கணவர் டீப்பெனே குறைபட்டுக்கொண்டார். ஆறு கடலில் சேரும் இடத்தில் வெண்குஞ்சு மீன் ஏறும் பருவம் அது. அவருடைய அக்கா மெரியானா முந்தைய நாள் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தாள். நூல்துண்டு போல இருக்கும் அந்த மீனை முட்டையில் கலந்து வார்த்து, ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தேன். அவர் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார்.

"மீன் கேட்டா ஆம்லெட் குடுக்கிற, காரா. மீனெல்லாம் எங்க, லீவுல போயிருச்சா?"

"வலை போட்டு நீயே பிடிச்சிட்டு வந்து பேசு," என்றேன்.

முனகிக்கொண்டே அதைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வழக்கம்போல் வேலியோரப் புதரை உரசினார். நான் ஜன்னலிலிருந்து கத்தவில்லை. அவர் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது. வண்டி தெருமுனை திரும்பியதும் துணி துவைக்கும் கொட்டகைக்குப் போய், ஒளித்து வைத்திருந்த கல்லை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன்.

அது நான் அவருக்காகச் செய்துகொண்டிருந்த கழுத்துக் கல்.

டீப்பெனே பச்சைக்கல் செதுக்குகிறவர். எங்கள் மொழியில் பொனாமு. எங்கள் ஊர் ஹோக்கிடிக்காவில் அவர் கடை ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றுலா பஸ் வந்து நிற்கும் தெரு அது. மற்றக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கூப்பிடுவார்கள். இவர் தலையை நிமிர்த்தமாட்டார். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் எங்கள் மொழியில்தான் வரவேற்பு. பார்க்கிங் அபராதச் சீட்டு நீட்ட வந்தவருக்கும் அதே வரவேற்புதான். அந்த மொழியைப் பேசியதற்காக வெள்ளைக்காரர் பள்ளியில் அவர் அப்பாவை அடித்திருக்கிறார்கள். அதனால் அப்பா வீட்டில் பேசவே இல்லை. டீப்பெனே மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டபின் சும்மா இருக்கவில்லை.

வரவேற்று முடித்ததும், கல் யாருக்கு என்று கேட்பார். எனக்குத்தான் என்று சொன்னால் தட்டை மூடிவிடுவார். பச்சைக்கல்லைத் தனக்காக வாங்கக் கூடாது, தனக்காகச் செய்துகொள்ளவும் கூடாது, இன்னொருவர் கையிலிருந்துதான் வர வேண்டும். இதில் அவர் இம்மியும் இறங்கமாட்டார். ஒருமுறை தனித்தனியாக வந்த இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், தங்களுக்கு வேண்டும் என்று நின்றார்கள். ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு இன்னமும் வாழ்த்து அனுப்புகிறாள்.

"பாதையே இல்லாத காலத்துல, இந்தக் கல்லுக்காக எங்க ஆளுங்க பனிமலையத் தாண்டி வந்தாங்க. நீ ஏசி பஸ்ல வந்திருக்க. கொஞ்சம் கஷ்டப்படு," என்பார். வாங்க வந்தவர்கள் அதையும் ரசித்தார்கள்.

பெருமை பிடித்த மனிதர்தான். ஆற்றங்கரைக்குப் போனால் முதலில் ஜெபம். எடுக்கும் கல் தன் ஆற்றுக் கல்லாக இருக்க வேண்டும். முடித்த வேலையை ஒரு சாயங்காலம் முழுக்கக் கைக்குள் மூடி வைத்திருந்துவிட்டுத்தான் கொடுப்பார். எங்கள் சொந்தத்தில் கல்யாணம், பட்டமளிப்பு, பிள்ளைப்பேறு எது நடந்தாலும் அவர் கல் அங்கே யார் கழுத்திலாவது ஏறும். எனக்குத் திருமணத்தன்று ஒன்று போட்டார். போடும்போதே, "இது உன்னோடதுன்னு நெனைக்காத. நமக்குப் பொறக்கப்போற பொண்ணுக்காக உங்கிட்ட இருக்கு," என்றார். அந்தப் பெண் பிரிஹிரா இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள்.

அவளுடைய கல்யாணப் புகைப்படம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வரிசையாக நிற்கிறோம். எல்லார் நெஞ்சிலும் பச்சை. நடுவில் நிற்கும் டீப்பெனேயின் கழுத்து வெறுங்கழுத்து. அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? அவரிடமே வாங்கி அவருக்கே கொடுக்க முடியாது. வேறொருவர் வேலையை அவரிடம் நீட்ட எல்லோருக்கும் கூச்சம். போதாததற்கு, வேறு யாராவது கொடுத்திருப்பார்கள், சட்டைக்குள் கிடக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டி அவரிடம் கேட்டேன்.

"சமையக்காரனை யாரு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவா?" என்று சிரித்தார். சிரித்தபடியே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். எதுவும் இல்லாத இடத்தைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

புயலுக்குப் பிறகு கடற்கரையில் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. பெரிய ரகம் இல்லை. தோல் துருப்பிடித்தது போல இருந்தது. நனைத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மட்டும் பாசி நிறம். மணற்கல் பலகையில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்தேன். மிஷினைத் தொட எனக்குத் தெரியாது, கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். சுண்டுவிரல் போல நேரான வடிவம். அதைவிடக் கடினமானது எனக்கு வராது. குளிர்காலம் முழுக்கத் தேய்த்தேன். விரல் நுனி ஏன் தேய்ந்திருக்கிறது என்று கேட்டதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் சோப்பை மாற்றி வாங்கிவந்தார்.

அன்று தேய்ப்பு முடிந்த மாதிரி இருந்தது. கயிறு கோக்கும் துளைதான் பாக்கி. ஈரக் கல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கல்லை மேல்கோட்டுப் பையில் போட்டுவிட்டு ஓடினேன். ரொட்டிக் கடைக்காரர் பேசினார். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறதே என்று போய்ப் பார்த்திருக்கிறார். அரைக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததாம், குழாய் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம். டீப்பெனே மேஜைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். இதயம். கையிலிருந்த கல் கீழே விழவில்லை.

மராய்க்குக் கொண்டுபோனோம். எங்கள் எல்லோருக்கும் உரிய மண்டபம் அது. எங்களில் யார் போனாலும் கடைசியாகப் படுப்பது அங்கேதான். பெட்டியைத் திறந்தபடி வைத்து, சுற்றிலும் முன்னால் போனவர்களின் படங்களைச் சாய்த்தார்கள். நான் அவர் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்தேன். மனைவி என்றால் உடலை விட்டு நகரக் கூடாது. கையால் ஒரு வேலையும் செய்யக் கூடாது. கறுப்பு உடையோடு, தலையில் இலைவளையத்தோடு, வருகிறவர்களின் அழுகையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குமுன் எத்தனையோ சாவில் அந்த வழக்கத்தைப் பார்த்து நல்லது என்று நினைத்திருக்கிறேன். துக்கத்தில் இருப்பவளிடம் யாரும் காபி போடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அன்று கோட்டுப் பையில் துளையில்லாத கல் கிடந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கழுத்திலிருந்து அவர் செய்து கொடுத்த கல்லைக் கழற்றி அவர் மேல் வைத்தார்கள். பெட்டி மூடும்வரை அங்கே கிடந்து அவரோடு இருக்கும். மூடும் முன் குடும்பத்தில் ஒருவர் எடுத்து உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். எங்கள் பக்கம் அந்தப் பொறுப்பு எப்போதும் மெரியானாவுக்கு. இரண்டாம் நாளுக்குள் போர்வைமேல் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை பச்சையாகிவிட்டது. அத்தனையும் திரும்பிப் போகிறவை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

கையில் வைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் துளையில்லாததை அவர் கல் என்பார், நகை என்று சொல்லமாட்டார். கடையில் துளை போடும் துரப்பணம் இருக்கிறது. ஆனால் அவர் இறந்த இடம். அடக்கம் முடிந்து போதகர் ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளிக்கும்வரை அங்கே யாரும் கால்வைக்கக் கூடாது. என் கழுத்திலிருப்பதைக் கொடுத்துவிடலாம் என்றால் அது பிரிஹிராவுடையது. பையில் கைவிட்டுக் கல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்று மத்தியானம் ஹாக்கோப்பா வந்தான்.

ஹாக்கோப்பா அவருடைய சித்தப்பா மகன். ஒரே வயது. ஒரே பெஞ்சில் இருவரும் வேலை கற்றார்கள். பிறகு ஹாக்கோப்பா சைபீரியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மூட்டையாகப் பச்சைக்கல் வரவழைத்து, எங்கள் வடிவங்களை அதில் வெட்டி விற்கத் தொடங்கினான். எந்த நாட்டுக் கல் என்பது அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். ஆற்றுக் கல்லுக்குக் காத்திருந்தால் பிள்ளைகள் வயிறு காயும் என்றான், அதுவும் பொய்யில்லை. டீப்பெனே அவன் கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னால் நின்று, நம் பாட்டன் முகத்தை யார் ஊர் மலையிலோ வெட்டி விற்கிறாய் என்று கத்திவிட்டு வந்தார். அதோடு பேச்சு நின்றது. சொந்தக்காரர் சாவு வீட்டில்கூட மேஜையின் இரண்டு கோடியில்தான் உட்காருவார்கள்.

எங்கள் வழக்கத்தில் செத்தவரை முகத்துக்கு நேரே திட்டலாம். ஹாக்கோப்பா பெட்டிக்கு முன்னால் வந்து கைத்தடியை ஊன்றி நின்றான்.

"எந்திரி டீப்பெனே. படுத்துக்கிட்டே பேச்சுக் கேக்கிறது உனக்கு அழகா இல்ல. இத்தனை வருஷம் எனக்கு முதுகைத்தான் காட்டின. இன்னிக்கு மூஞ்சியக் காட்டுற, ரொம்ப நன்றி. பாரு, உன் கல்லைப் போட்டவங்க மண்டபம் பூரா உக்காந்திருக்காங்க. என் கல்லைப் போட்டவங்க ஜெர்மனில இருக்காங்க. நான் செத்தா எவனும் ஃபிளைட் ஏறமாட்டான்."

பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"கெட்ட பய நீ. இனிமே நான் யாருகூடடா பேசாம இருப்பேன்?" என்றான்.

பிறகு வந்தவர்கள் வரிசையாக எங்களோடு நெற்றியும் மூக்கும் ஒட்டி மூச்சைப் பகிர்ந்தார்கள். ஹாக்கோப்பாவின் முகம் என் முகத்தோடு இருந்தபோது கல்லை அவன் கையில் வைத்து அழுத்தினேன்.

"துளை போடணும்," என்றேன்.

குனிந்து உள்ளங்கையைப் பார்த்தான். யார் செய்தது என்று கேட்டான், நான் என்றேன். யாருக்கு என்று கேட்டவன் நான் பதில் சொல்லும் முன்பே பெட்டிக்குள் பார்த்தான். அந்தக் கழுத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

"இவனுக்கு ஒண்ணுகூட இல்லயா?"

"நீ குடுத்தியா?"

கல்லை எனக்கே திருப்பித் தருவது போல நீட்டினான்.

"என் கையாலயா, காரா? எந்திரிச்சு உக்காந்துருவான்."

"எந்திரிக்கட்டும்," என்றேன்.

அவன் கல்லோடு போனான். சாப்பிடக்கூட நிற்கவில்லை என்று மெரியானா குறை சொன்னாள். பிரிஹிரா பெர்த்திலிருந்து வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. எதிலோ இடறி அவன் காலை உடைத்துக்கொண்டதாக, கல்லை ஆற்றில் எறிந்துவிட்டதாக, இரண்டாய் உடைந்த துண்டுகளோடு வாசலில் நிற்பதாக என்னவெல்லாமோ மனதில் வந்து போனது. துளை போடும்போதுதான் கல் உடையும் என்பது எங்கள் வீட்டில் பூனைக்கும் தெரியும்.

அடக்கத்தன்று காலை, வாசலில் பெண்கள் கடைசிக் கூட்டத்தைக் குரல் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்தபோது வந்தான். மெரியானா போதகரை எதிர்கொள்ள வெளியே போயிருந்தாள். ஹாக்கோப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கக் கதவு வழியாக வந்து பாயில் மண்டியிட்டான். இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போயிருந்தன.

"மிஷின்ல வெக்கல. அதுல இருக்கிற வெளிநாட்டுத் தூசி அவனுக்கு ஆகாது," என்றான். "எங்கப்பாவோட கயிறு இழுக்கிற துரப்பணம் பரண்ல கெடந்துச்சு. அதுலதான் போட்டேன். உன் கீறல் ஒண்ணையும் நான் தொடல. அழிச்சா அது என் வேலையாயிரும்."

நார் திரித்துக் கயிறும் அவனே கோத்திருந்தான். நீ போடு என்று கொடுத்துவிட்டு வெளியே போனான். மண்வெட்டி பிடிக்கும் ஆண்கள் கல்லறைக் குன்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையை உயர்த்த என்னால் முடியவில்லை. உயர்த்த வேண்டாம் என்று சொல்லியும் இருந்தார்கள். அதனால் கயிற்றின் இரு முனைகளையும் சட்டைக் காலருக்குள் செருகிக் கல்லைத் தொண்டைக்குக் கீழே வைத்தேன். கோணல்மாணலான வேலைதான். அவருக்குப் பொருந்தியிருந்தது. மற்றக் கற்களின் நடுவே அது ஒன்றுதான் திரும்பி வராதது. சமையல்காரனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன் என்று அவர் காதில் சொன்னேன்.

பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. ஜெபம், பாட்டு, நெருங்கிய சொந்தம் மட்டும் உள்ளே, மற்றவர்கள் வெளியே. கடைசியாக நானும் பிரிஹிராவும் அவர் நெற்றியில் நெற்றி வைத்தோம். மூடி போடுவதை நான் பார்க்க விரும்பவில்லை. கண்ணை மூடி மகள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது, மெரியானா தன் நார்ப்பையில் எடுத்துப் போடுகிறாள் என்று தெரிந்தது. திருகாணிகள் முடுக்கும் சத்தம் கேட்டது.

குன்றில் மழை விட்டிருந்தது. ஆண்கள் மாறி மாறி மண் தள்ளினார்கள். ஹாக்கோப்பா தன் முறை முடிந்தும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் சாப்பாடு. அடக்கம் முடிந்தபின் எல்லோரும் கூடி வயிறார உண்டால்தான் துக்கம் இறங்கும். பன்றிக்கறி, உப்பிட்ட கடற்பறவை, வேகவைத்த இனிப்புப் பணியாரம் என்று மேஜைகள் நிரம்பியிருந்தன. மூன்று நாளுக்குப் பின் எனக்குப் பசித்தது. அவர் வெறுங்கழுத்தோடு போகவில்லை என்பதால் பசித்தது என்று இப்போது நினைக்கிறேன். மெரியானா பையோடு மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொரு கல்லையும் உரியவர் கழுத்தில் போட்டு வந்தாள். யாருடையது எது என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை கூடத் தடுமாறவில்லை.

கடைசியில் பையின் அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்து உயரத் தூக்கினாள்.

"இது யாரோடது?"

அவள் அதை அடுத்த மேஜைக்குக் கொண்டுபோனாள். கையிலிருந்து கைக்குப் போயிற்று. இது டீப்பெனே வேலை இல்லை, கீறலைப் பார் என்றார் ஒருவர். ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை செய்ததாக இருக்கும் என்றார் இன்னொருவர். யாரும் கேட்காவிட்டால் ஏலம் போடுங்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். துக்கம் இறங்கிய சிரிப்பு, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரை வெறுங்கழுத்தோடுதான் பெட்டியில் வைத்தோம் என்று மெரியானாவுக்குத் தெரியும். அதனால் அவர் மேல் கிடந்ததெல்லாம் மற்றவர்களுடையது என்று எடுத்துவிட்டாள்.

தூரத்து மேஜையில் ஹாக்கோப்பா எழுந்தான். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"என்னோடது மெரியானா," என்றேன்.

"உனக்குத்தான் ஒண்ணு கழுத்துல கெடக்கே?"

"இதுவும்தான்."

அவள் வந்து அதை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். என் நெற்றியில் முத்தமிட்டாள்.

"பத்திரமா வெச்சுக்கோம்மா. தொண்டைக்குழிகிட்ட நழுவிக் கெடந்துச்சு, கயிறு வேற காலருக்குள்ள மாட்டிக்கிச்சு. நல்லவேளை பாத்தேன். இல்லன்னா அவனோடயே போயிருக்கும்."

நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் ஹாக்கோப்பா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னை வேலை செய்யவிடவில்லை. குரலைத் தாழ்த்தி, மண் இன்னும் இறுகவில்லை, இப்போதே போனால் ஓரமாய்த் தோண்டி வைத்துவிட்டு வரலாம் என்றான்.

"மண்ணுக்கா செஞ்சேன்?" என்றேன். "கழுத்துக்குச் செஞ்சேன்."

அவன் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தான்.

மெரியானாவிடம் கடைசிவரை நாங்கள் இருவரும் சொல்லவில்லை. போன மாரிக்காலத்தில் அவளும் போய்விட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அவள் மேல் கிடந்த கற்களை எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொன்றையும் எடுக்கும் முன், இது யாருடையது என்று சத்தமாகக் கேட்டேன். கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஹாக்கோப்பா வாசல்வரை வந்து நின்று, நான் முடிக்கும்வரை இருந்தான். அவன் வெளிநாட்டுக் கல்லை விட்டுவிடவில்லை. அட்டையில் எழுத்து மட்டும் பெரிதாகியிருக்கிறது.

என் கல்லை யாருக்கும் கொடுக்கவில்லை. பிரிஹிரா கேட்டாள். கொடுத்தால் அவள் அதை ஆசையாகப் போட்டுக்கொள்வாள், கீறலைக் காட்டி என் அம்மா செய்தது என்று பெருமையாகச் சொல்வாள் என்று தெரியும். இருந்தும் முடியாது என்றேன். அவர் அதை ஒரு காலைப்பொழுது போட்டிருந்தார். அது அவருடையதாவதற்கு அவ்வளவு போதுமா என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுக்குப் போகிறேன். அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். புல்லைப் பிடுங்கிவிட்டு, முட்டை விஷயம் ஏதாவது பேசிவிட்டுக் கிளம்புவேன். வெளியே வரும்போது கை கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். வாசலில் இருக்கும் குழாயை எல்லாக் குழாய்க்கும் எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் தண்ணீர் வரும் என்று முதலில் எனக்குக் காட்டியவர் டீப்பெனேதான். இப்போதும் அப்படித்தான் வருகிறது.